தொண்ணூற்று நான்குக்குக் கீழே

நவம்பர் 9, திங்கள்

நாளை என் தங்கை மகளையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நடு அறையைக் காலி செய்து, திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டு, தரையைத் துடைக்க வைத்தேன். வேலைக்காரப் பெண் துடைத்ததை நான் மறுபடி துடைத்தேன் என்று எழுதுவதுதான் சரி. மூலைகள் அவள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மாப்பிள்ளை வந்து ஜன்னல்களை மூடச் சொன்னார். ஏழரை மாதத்தில் பிறந்த குழந்தை, குளிர் ஆகாதாம். அந்த அறைக்கு ஒத்துக்கொண்டேன். என் அறை ஜன்னல் என் இஷ்டம். மூடிய அறையில் தூங்கினால் மூளை மந்தமாகும் என்று கான்வென்ட் விடுதி சிஸ்டர் சொல்வார். பள்ளி நாளிலிருந்து நான் மூடியதில்லை. பச்சைத் தண்ணீர்க் குளியலையும் விட்டதில்லை.

"அத்தை, எங்க கிடங்கே உங்க ரூமுக்குத் தேவலை," என்றார். அவர் மீன் வைக்கும் குளிர்க்கிடங்கில் மேற்பார்வையாளர். கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவார்.

"உங்க மீனெல்லாம் கெடாம இருக்கில்ல? நானும் அப்படித்தான்," என்றேன்.

சிரித்துக்கொண்டே போனார். நல்ல மனிதர். சட்டைக் காலரை மட்டும் சரியாகத் தேய்ப்பதில்லை.

நவம்பர் 10, செவ்வாய்

குழந்தை வந்துவிட்டது. பெண். என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைதான் இருக்கிறாள். மாப்பிள்ளை "பொடிசு" என்கிறார். பெயர் வைக்கும் வரை "குழந்தை" என்று சொன்னால் என்ன?

கூடவே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ். என் தங்கை மகளைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, ரவிக்கையை அவிழ்த்து, குழந்தையைக் குல்லாயும் காலுறையும் இடுப்புத் துணியும் மட்டுமாக அவள் நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டவைத்து, இருவரையும் சேர்த்து ஒரு துணியால் கட்டினாள். கதவு திறந்தே இருந்தது. நான் போய் மூடினேன்.

"ராத்திரி பகல் இப்படியே இருக்கட்டும்மா," என்றாள் நர்ஸ். "நமக்குக் குளிர்ந்தா உடம்பு நடுங்கியே சூடு பண்ணிக்கும். இவளுக்கு நடுங்கத் தெரியாது. எரிக்கக் கொழுப்பும் இல்லை. உங்க நெஞ்சுதான் அடுப்பு. இவ சில்லுன்னு ஆனா அதுவா ஏறும், சூடானா அதுவா இறங்கும்."

"அப்ப தொட்டில் எதுக்கு வாங்கினோம்?" என்று கேட்டேன்.

"தொட்டில்ல ரத்தம் ஓடாதே, பாட்டி."

நான் யாருக்கும் பாட்டியில்லை என்று அவளுக்கு விளக்கவில்லை. என் தங்கை போனபோது இந்தப் பெண்ணுக்கு நான்கு வயது. வளர்த்தது நான். பெற்றதில்லை. குழந்தைக்கு நான் என்ன முறை என்பதை அது பேசும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நவம்பர் 12, வியாழன்

தூக்கம் வரவில்லை, ஆகவே காலையிலேயே எழுதுகிறேன்.

தெருவில் எனக்கு "தெர்மாமீட்டரம்மா" என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். அதைப் பட்டம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அச்சகத்தில் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்திய காலத்திலிருந்தே யார் வீட்டுப் பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும் என்னிடம்தான் தூக்கி வருவார்கள். வலது புறங்கை. நெற்றியில் அல்ல, காதுக்குப் பின்னால். நூறு என்பேன், நூற்றொன்றரை என்பேன். பிறகு வீட்டுக்குப் போய்த் தெர்மாமீட்டர் வைப்பார்கள். அரைக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை. பெற்றவர்களுக்கே தெரியாததை என் கை சொன்னது. பிள்ளையில்லாதவளுக்கு இதில் எவ்வளவு கர்வம் இருந்திருக்கும் என்று என் கணவருக்கு மட்டும் தெரியும். "உன் கையை இன்ஷ்யூர் பண்ணணும்" என்பார், தலைவலி வந்தால் அதையே எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வார்.

இந்தக் கை ஒரே ஒரு நாள் ஏமாந்தது. பள்ளியில் அறிவியல் சிஸ்டர் மேஜைமேல் மூன்று கிண்ணம் வைத்தார். வலது கையை ஐஸ் தண்ணீரில், இடது கையை வெந்நீரில் வைத்திருக்கச் சொல்லி, பிறகு இரண்டையும் நடுக் கிண்ணத்தில் போடச் சொன்னார். ஒரே தண்ணீர். வலது கைக்குச் சூடு, இடது கைக்குக் குளிர். "எந்தக் கை உண்மை சொல்லுது?" என்று கேட்டார். நான் நிமிர்ந்து நின்று "வலது கை, சிஸ்டர்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் ஏதோ விடை சொன்னார். கேட்கிற நிலையில் நான் இல்லை.

எதற்கு இதெல்லாம்?

நவம்பர் 14, சனி

கீழ் வீட்டில் குடியிருக்கும் தையல்காரி தன் மகளை அழைத்து வந்தாள். குழந்தையைப் பார்க்க வேண்டுமாம். பழக்கத்தில் அந்தப் பெண்ணின் காதுக்குப் பின்னால் கை வைத்தேன்.

சுட்டது.

"இவளுக்குக் காய்ச்சல். கீழே கூட்டிட்டுப் போ."

"என்னம்மா சொல்றீங்க, இப்பதான் மாடியில ஆறு தடவை ஏறி இறங்கினா. வாலு மாதிரி ஆடிக்கிட்டிருக்கா."

"நூத்தி ஒண்ணு."

போய் அவளுடைய பாட்டரி தெர்மாமீட்டரை வைத்துவிட்டுக் கீழேயிருந்து கத்தினாள்: "தொண்ணூத்தெட்டு நாலுதாம்மா!" பாட்டரிப் பொருள்.

நவம்பர் 17, செவ்வாய்

இரவு நடுங்கிக்கொண்டிருந்தேன். பல் கிட்டித்தது. ஜன்னலை மூடவில்லை. பள்ளியில் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும்போது நடுங்கினால் சிஸ்டர் வந்து தோளைத் தொடுவார். சும்மா தொடுவார், அவ்வளவுதான். அதற்கு மேல் நடுங்கக்கூடாது.

இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்: காலை வெறும் வயிற்றில் போடச் சொன்ன அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை நான் நிறுத்தி நாளாகிறது. வெயில் காலத்திலேயே விட்டுவிட்டேன். அதைப் போட்டால் நெஞ்சு படபடத்தது. அதைவிட, அந்த டாக்டர் பையன் சொன்ன விதம். "உங்க கழுத்துச் சுரப்பி சோம்பலாயிடுச்சும்மா. ஆயுசுக்கும் இதைப் போடணும்." என் உடம்பில் எதையும் சோம்பல் என்று யாரும் சொன்னதில்லை. நிறுத்திய பிறகு படபடப்பும் போயிற்று. நன்றாகத்தானே இருக்கிறேன்.

தங்கை மகளிடம் சொன்னால் ரகளை செய்வாள். இப்போது அவளுக்கு என் கவலை வேறு வேண்டாம்.

நவம்பர் 19, வியாழன்

வீட்டில் காய்ச்சல் நுழைந்திருக்கிறது. யாரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

வேலைக்காரப் பெண்ணிடம் பாத்திரம் வாங்கும்போது விரல் பட்டது: சூடு. மாப்பிள்ளை படியில் கை கொடுத்தார்: சூடு. தங்கை மகளுக்கு நெற்றி தணல் மாதிரி இருக்கிறது, அவளோ "எனக்கு ஒண்ணுமில்ல பெரியம்மா, தூக்கம்தான் இல்லை" என்கிறாள்.

முறையாகச் செய்யலாம் என்று என் பழைய பாதரச தெர்மாமீட்டரை எடுத்தேன். அவளுக்கு வைத்தேன். தொண்ணூற்றெட்டரை. கை நூற்றொன்று என்கிறது. இரண்டில் ஒன்று பிழை. அச்சகத்தில் சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? மூலப்படியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். இந்த வீட்டில் காய்ச்சல் இல்லாதவள் நான். ஆகவே மூலப்படி நான்தான். உதறி, நாக்கின் கீழ் வைத்து, வாயை மூடி உட்கார்ந்தேன்.

பாதரசம் ஏறவே இல்லை. முதல் கோட்டுக்கே வரவில்லை. மறுபடி வைத்தேன். நெடுநேரம் வைத்தேன். குமிழிலேயே கிடந்தது.

ஆக, கெட்டுவிட்டது. ஒருவருக்கு ஏறுகிறது, ஒருவருக்கு ஏறுவதில்லை என்றால் அதை எப்படி நம்புவது? எத்தனை வருடம் உழைத்த பொருள். குப்பையில் போட மனமில்லாமல் பெட்டியில் வைத்தேன்.

நவம்பர் 21, சனி

தொலைபேசியில் யாரோ என்னிடம் "சார், அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது. வேறொன்றுமில்லை.

தையல்காரியிடம் அவள் மகளை மாடிக்கு அனுப்ப வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். நின்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உங்க முகம் ஏம்மா இப்படி ஊதியிருக்கு? என் பொண்ணை விடுங்க, உங்களை முதல்ல யாராவது பாத்தாங்களா?"

பேச்சை மாற்றுகிற சாமர்த்தியம்.

நவம்பர் 23, திங்கள்

நடுக்கம் நின்றுவிட்டது.

நேற்று இரவு ஜன்னல் திறந்திருந்தது, போர்வை நழுவியிருந்தது, ஒரு சின்ன உதறல்கூட இல்லை. உடம்பு என் சொல்லுக்கு வந்துவிட்டது. அந்த சிஸ்டர் இருந்தால் காட்டியிருக்கலாம். இந்த வயதில் இது எத்தனை பேருக்கு முடியும்?

ரவிக்கைப் பித்தான் போட மட்டும் நேரமாகிறது. விரல்கள் வேறு யாருடையவோ போல.

மேலே ஒரே வாக்கியத்தை இரண்டு முறை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். என் கையெழுத்தா இது, ஏன் இப்படிச் சரிகிறது?

நவம்பர் 24, செவ்வாய்

இன்று குழந்தையைத் தொட்டுப் பார்த்தேன். இவ்வளவு நாளும் அந்தக் கட்டுக்குள் கையை விட எனக்குக் கூச்சம். முதுகில் புறங்கையை வைத்தேன். எடுத்துவிட்டேன். கரி அடுப்பில் வைத்த மாதிரி.

"குழந்தைக்குக் காய்ச்சல்."

"இல்ல பெரியம்மா, இப்பதான் பாத்தேன். தொண்ணூத்தெட்டுக்குக் கொஞ்சம் கீழதான்."

"எதில பாத்தே?"

"ஆஸ்பத்திரியில குடுத்ததுல."

"கட்டைக் கொஞ்சம் தளர்த்து. குல்லாயை எடு. வேகுது அதுக்கு."

"பெரியம்மா." கண்ணை மூடிக்கொண்டாள். "அவ சில்லுன்னு ஆயிடக்கூடாதுன்னுதான் நான் இப்படி உக்காந்திருக்கேன். படுக்கக்கூட இல்லாம."

கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. அவளும் காய்ச்சலில்தான் பேசுகிறாள். காய்ச்சல்காரிக்குக் காய்ச்சல் தெரியாது. நெஞ்சே அடுப்பு என்றாளே அந்த நர்ஸ். அடுப்பில் வைத்தது சுடாமல் என்ன செய்யும்?

யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை என்று எழுத வந்தேன். பேனா நின்று நின்று போகிறது. நானும்.

நவம்பர் 26, வியாழன்

மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். மதியம் தங்கை மகள் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். வாய் திறந்து, சின்ன வயதில் தூங்கியது போலவே. கட்டு நழுவியிருந்தது. குழந்தை சிணுங்கியது. கை வைத்தேன். நூற்றிரண்டுக்குக் குறையாது.

எழுப்பவில்லை.

மெதுவாக எடுத்து என் அறைக்குக் கொண்டுவந்தேன். குல்லாயை எடுத்தேன், காலுறையை எடுத்தேன். மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தேன். நெற்றி, கக்கம், தொடை இடுக்கு, முறைப்படி. முதலில் வீறிட்டது. சன்னமான குரல், பூனைக்குட்டி போல. பிறகு குறைந்தது. பிறகு அடங்கிவிட்டது. மறுபடி மறுபடி கை வைத்துப் பார்த்தேன். சூடு இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் என் கைக்கு இதமாக, சரியாக இருந்தது. கண்ணை மூடி ஆழ்ந்து தூங்கியது. என் மடியில். இவ்வளவு அமைதியாக அது ஒரு நாளும் இருந்ததில்லை.

உடுத்தி, அவள் எழுவதற்குள் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். குணமானால் போதும்.

என் கை இன்னும் தவறவில்லை.

நவம்பர் 27, வெள்ளி

குழந்தை பால் குடிக்கவில்லை. வாயில் வைத்தால் உறிஞ்சவில்லை. அழவும் இல்லை. பாதம் இரண்டும் நீலம். தங்கை மகள் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எங்களுக்குத் தெரியாமல் ஒரு பெயர் வைத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். நேற்றிரவு முழுக்கத் தூங்குகிறது என்றுதான் நினைத்தோம்.

வீடு காலி.

நான் அடக்கிய காய்ச்சல் மறுபடி ஏறியிருக்க வேண்டும். அதுதான். வேறென்ன?

நவம்பர் 28, சனி

எழுதியாக வேண்டும். வரிசையாக.

மாப்பிள்ளை துணி எடுக்க வந்தார். கிடங்கில் விடுப்புச் சொல்லிவிட்டு நேராக வந்ததால் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. குழந்தை சில்லிட்டுக் கிடந்ததாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சூடு கொடுக்கிறார்கள். ரத்தத்தில் கிருமி ஏதும் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

"சில்லிட்டா? காய்ச்சல்னு சொல்லுங்க மாப்பிள்ளை. நான் தொட்டுப் பாத்தேன். நெருப்பு."

"அத்தை, டாக்டர் மெஷின் வச்சுப் பாக்கிறாரு."

"மெஷினெல்லாம் கெட்டுப்போச்சு. என்னோடதும் கெட்டுப்போச்சு. பாருங்க." பாதரச தெர்மாமீட்டரை எடுத்துவந்து அவர் கண் முன்னால் என் வாயில் வைத்துக் காட்டினேன். ஏறவில்லை. "பாத்தீங்களா?"

அவர் அதை வாங்கி, துடைத்து, தன் வாயில் வைத்துக்கொண்டார். அழுது வீங்கிய முகத்தோடு அப்படி நின்றார். எடுத்துப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு.

கோட்டுப் பையிலிருந்து கிடங்குத் தெர்மாமீட்டரை எடுத்தார். நீளக் கம்பி வைத்தது. மீன் பெட்டிக்குள் குத்திப் பார்ப்பது. சோப்புப் போட்டுக் கழுவினார்.

"இது மீனுக்கு வைக்கிறது அத்தை. மன்னிச்சுக்குங்க."

"மீனைவிட நான் என்ன ஒசத்தி? வைங்க."

கக்கத்தில் வைத்தேன். முப்பத்துமூன்று புள்ளி ஆறு என்று நின்றது. அவர் அதை ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்துப் போட்ட தண்ணீரில் வைத்தார். பூச்சியம். தன் கக்கத்தில் வைத்தார். முப்பத்தாறரை. திரும்ப என்னிடம் வைத்தார். முப்பத்துமூன்று புள்ளி ஆறு.

எனக்கு அந்த செல்சியஸ் அளவு பழக்கமில்லை. ஒன்பதால் பெருக்கு, ஐந்தால் வகு, முப்பத்திரண்டைக் கூட்டு. பள்ளியில் வாயால் சொல்வேன். இன்று காகிதத்தில் போட்டேன், தவறாக வந்தது. மறுபடி போட்டேன். மறுபடி. தொண்ணூற்றிரண்டரை.

என் தெர்மாமீட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதில் முதல் கோடு தொண்ணூற்று நான்கு.

அதற்குக் கீழே அதில் ஒன்றுமே எழுதவில்லை. உயிரோடு இருக்கிற மனிதருக்குத் தேவைப்படாது என்று விட்டிருப்பார்கள்.

"அத்தை," என்றார் மாப்பிள்ளை. என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை சுட்டது. அப்போதுதான் அந்த நடுக் கிண்ணம்... ஒரே தண்ணீர். ஐஸில் இருந்த கை எதைத் தொட்டாலும் சூடு என்றுதான் சொல்லும். சிஸ்டர் அன்று சொன்னது இதுதானே. நான் கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டு...

யாருக்கும் காய்ச்சல் இல்லை. தையல்காரி மகளுக்கு இல்லை. தங்கை மகளுக்கு இல்லை. குழந்தைக்கு இல்லை. நான்தான் ஆறிக்கொண்டே வந்திருக்கிறேன். அந்தச் சின்ன உயிரையும் என் சூட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று... ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

சொன்னேன். எல்லாவற்றையும். ஈரத்துணி, குல்லாய், ஜன்னல், மாத்திரை.

அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குத் தோன்றியது ஒன்றுதான். "போன் பண்ணுங்க. அந்த ஊசி போடறதுக்கு முன்னால டாக்டர்கிட்ட சொல்லுங்க. நோவு இல்லை, நான்தான்னு சொல்லுங்க."

வண்டி கூப்பிடப் போயிருக்கிறார். என்னையும் கூட்டிப்போவாராம். கம்பளியைச் சுற்றிவிட்டு ஜன்னலை அவரே மூடினார். மூடும்போது வந்த சத்தம் எனக்குப் புதிதாக இருந்தது.

குழந்தை பிழைக்க வேண்டும். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

டிசம்பர் 3, வியாழன்

பெண்கள் வார்டு. என்மீது எத்தனை போர்வை என்று எண்ண விடவில்லை. வெந்நீர்ப் பை கேட்டேன், தரமாட்டார்களாம். வேகமாகச் சூடாக்கினால் ஆறிப்போன ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பி ஆளையே கொண்டுபோய்விடுமாம். ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுகிறார்கள். அந்தத் தைராய்டு மாத்திரையும் அப்படியே, கால் கால் அளவாக.

அதே டாக்டர் பையன். "மாத்திரை விட்டுப்போய் உடம்பு இவ்வளவு குளிர்ந்தா புத்தியும் மந்தமாயிடும்மா. உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. உங்க தப்புன்னு சொல்ல முடியாது."

கருணையோடுதான் சொன்னார். ஆனால் மாத்திரையை நிறுத்தியபோது என் புத்தி நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பிழைக்கு அடியில் நானே கோடு போட்டுக்கொள்கிறேன்.

குழந்தை மேல் மாடியில், கண்ணாடிப் பெட்டியில். ஊசி போடவில்லை. இன்னும் தானாக உறிஞ்சவில்லை.

டிசம்பர் 5, சனி

நடுங்கினேன். நர்ஸ் ஓடிவந்து பார்த்துவிட்டு, "நல்லதும்மா, நடுங்குங்க. நல்லா நடுங்குங்க," என்று சிரித்தாள்.

டிசம்பர் 6, ஞாயிறு

தங்கை மகள் வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்காரவில்லை. காலடியில் நின்றாள். தலை வாரவில்லை.

நான் பேச வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஏன் பெரியம்மா என்னை எழுப்பலை?"

அவ்வளவுதான் கேட்டாள். பதிலுக்காக நின்றாள், அதுதான் கொடுமை. நீ அசதியில் தூங்கினாய் என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மை.

"எனக்குச் சந்தேகமே வரலை," என்றேன். "வந்திருந்தா எழுப்பியிருப்பேன்."

தலையை ஆட்டினாள். என் கால்மாட்டில் நழுவியிருந்த போர்வையை இழுத்துவிட்டுப் போனாள். கை படாமல் இழுத்துவிட்டாள்.

டிசம்பர் 9, புதன்

பால் குடிக்கிறதாம். மாப்பிள்ளை வார்டு வாசலிலிருந்தே விரலை உறிஞ்சுவது போலச் சைகை காட்டினார்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பக்கத்துக் கட்டில் அம்மாள் பார்த்திருப்பாள். பார்க்கட்டும்.

டிசம்பர் 20, ஞாயிறு

வீடு. எனக்கு முன்பே அவர்கள் வந்துவிட்டார்கள். என் படுக்கையைச் சமையலறையை ஒட்டிய அறைக்கு மாற்றியிருக்கிறார் மாப்பிள்ளை. வெந்நீரில் குளிக்கிறேன். ஜன்னல் மூடியிருக்கிறது. கேட்காமல் செய்தார்கள், நானும் கேட்கவில்லை.

நடு அறைக் கதவும் மூடியிருக்கிறது. உள்ளே குழந்தையின் சத்தம். கதவு வரை போனேன். குமிழைத் தொடவில்லை.

கீழ் வீட்டுத் தையல்காரி ரொட்டி வாங்கி வந்து கொடுத்தாள். மகளையும் கூட்டி வந்திருந்தாள். அவள் வழக்கம்போலக் காதை என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள். நான் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன்.

"தெர்மாமீட்டர்ல பாக்கச் சொல்லும்மா," என்றேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே," என்றாள் அவள். "சும்மா காட்டினேன்."

ஜனவரி 4, திங்கள்

மாத்திரை காலை வெறும் வயிற்றில். மாப்பிள்ளை எதிரில் நின்று பார்க்கிறார், கிடங்கில் அளவு பார்ப்பது போல. படபடப்பு வருகிறது, போகிறது. குரல் திரும்பியிருக்கிறது. வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டேன், அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

ஜனவரி 8, வெள்ளி

காலையில் நடு அறைக் கதவு திறந்திருந்தது. தங்கை மகள் உள்ளேயிருந்து, "பெரியம்மா, கையைக் காட்டுங்க," என்றாள்.

பள்ளியில் திங்கட்கிழமை தோறும் நகம் பார்ப்பார்கள். அப்படியே நீட்டினேன், இரண்டு கையையும், புறங்கை மேலாக.

தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்தில். அவசரப்படவில்லை. முறையாகத்தான் பார்த்தாள், காதுக்குப் பின்னால்கூட வைத்தாள். என்னைப் பார்த்துக் கற்றது.

"விரல் நுனி இன்னும் சில்லுன்னு இருக்கு, இவளைத் தூக்க ஆகாது. நாளைக்குப் பாக்கலாம்."

சரி என்றேன். அவள் சொன்னது சரிதான். திரும்பி வந்து தெர்மாமீட்டர் வைத்தேன். தொண்ணூற்றாறரை.

கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளையின் கிடங்குக் கையுறை, எனக்குப் பெரிது. அதோடுதான் எழுதுகிறேன். கையெழுத்து மோசம்.

நாளைக்கும் நீட்டுவேன்.